சிறார் நூல் பரிந்துரை: யாருக்கு எந்த நூல்?

சிறார் நூல்களைப் பரிந்துரைக்கும் தமிழ்க் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே கேள்விக்கு விடை சொல்கின்றன: இந்நூலிலிருந்து குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? நூலை வாங்குபவர் பெற்றோரோ ஆசிரியரோ என்பதால் இக்கேள்வி எழுவது இயல்பே. ஆனால் அதற்குரிய விடை, நூலை யார் முதலில் படிக்க வேண்டும், எந்த வயதில் கொடுக்கலாம், தனியாகப் படிக்க விடலாமா என்பவற்றைச் சொல்வதில்லை. சாகித்திய அகாதமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் விருதால் சிறார் நூல்கள் பரவலான கவனம் பெறுகின்றன. அந்தக் கவனம் ‘விழிப்புணர்வு நூல்’, ‘வரலாற்று நூல்’ என்ற முத்திரைகளோடு நின்றுவிடுகிறது.

2020ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசும் சிறார் நாவல். ஒரு சிறுமியிடம் மரப்பாச்சிப் பொம்மை பேசத் தொடங்குகிறது. இக்கொடுமையைச் செய்பவர்கள் குழந்தையிடம் கேட்பது ரகசியம் காக்கும்படிதான். தலைப்பிலேயே அச்சொல்லைப் பொம்மையிடம் ஒப்படைத்திருப்பது நாவலின் பலம். குழந்தைக்கு இங்கே கிடைப்பது எச்சரிக்கையைவிட, மனம்விட்டுப் பேச ஒரு துணை. இந்நூலைப் ‘படித்துப் புத்தி தெரிந்துகொள்’ என்று கையில் திணித்தால் அத்துணை மீண்டும் ஒரு வாத்தியாராகிவிடும். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தை, தான் கவனமாக இல்லாததே தவறு என்று நினைத்துக்கொள்ளவும் கூடும். பெரியவர் முதலில் தாம் படித்து, குழந்தை பேச வரும்போது நம்பிக் கேட்கத் தயாராக இருக்க வேண்டும். இந்நூலுக்கான பரிந்துரை தவறாமல் சொல்ல வேண்டியது இதுவே.

2023ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாகக் கொண்டு, இன்றைய சிறுவன் ஒருவனைப் பழங்காலத்துக்கு அழைத்துச் செல்கிறது. கீழடிப் பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்ற பெயர் தமிழி எழுத்தில் கிடைத்துள்ளது. அப்பெயருக்கு ஒரு முகமும் விளையாட்டுத் தோழமையும் கொடுத்திருப்பதே கற்பனையின் பங்கு. தமிழரின் தொன்மையைக் கற்பிக்கும் நூல் என்ற அறிமுகம் பெரியவரின் பெருமிதத்தைத் தூண்டுமே ஒழிய, பத்து வயது வாசகரை ஈர்க்காது. தனக்கு முன் இந்த மண்ணில் இன்னொரு குழந்தை விளையாடியிருக்கிறது என்ற வியப்பே அவரை உள்ளே இழுக்கும்.

இதற்கு மறுபுறம் நிற்பது இரா. நடராசனின் ‘ஆயிஷா’. கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவியைப் பற்றிய இக்கதை, ஓர் அறிவியல் ஆசிரியை தம் நூலுக்கு எழுதும் முன்னுரையாக அமைந்தது. நாயகி சிறுமி என்பதால் இது சிறார் கதையாகவும் பரிந்துரைக்கப்படுகிறது. கதையின் குரலோ குற்ற உணர்வு கொண்ட ஆசிரியையுடையது. அது சக ஆசிரியர்களை நோக்கியே பேசுகிறது. அடியின் வலி தெரியாதிருக்க மரத்துப்போகும் மருந்தைத் தன் உடலிலேயே சோதித்து ஆயிஷா இறக்கிறாள். அதைச் சொல்லாமல் இந்நூலைச் சிறு குழந்தைக்குக் கொடுப்பது பொறுப்பற்ற செயல். ஆசிரியருக்கும் உயர்நிலை வகுப்பு மாணவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

சிறார் நூல், பெரியவர் நூல் என்ற பிரிவு தேவையற்றது என்று இதற்குப் பொருளில்லை. 1981இல் க்ரியா வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’ போன்ற நூல்களை இரு சாராரும் படிக்கிறார்கள். ஆனால் இருவரும் ஒரே கதையைப் படிப்பதில்லை. பரிந்துரைப்பவர் அந்த இரு வாசிப்புகளையும் தனித்தனியே சொன்னால், எந்த நூலை எப்போது கொடுப்பது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் தாமே முடிவு செய்துகொள்வார்கள்.