அத்தை சுட்ட கேக்

போன ஞாயிற்றுக்கிழமை, லண்டன் புறநகரில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில் முதன்முறையாகப் பன்றிக்கறி ரோஸ்ட் செய்தேன். இரண்டு கிலோ தோள்கறி. சனிக்கிழமை இரவே தோலைத் துடைத்து, கத்தியால் கீறி, உப்பைத் தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். தோலில் ஈரம் நின்றால் மொறுமொறுக்காது. மறுநாள் ஓவனில் அரைமணி நேரம் 230 டிகிரி, அப்புறம் 170 டிகிரியில் இரண்டரை மணி நேரம். வெளியே எடுத்த பிறகும் அரைமணி நேரம் தொடக்கூடாது. அந்தக் காத்திருப்பில்தான் சார்லஸ் லாம்பை மறுபடி எடுத்தேன்.

‘எ டிஸ்ஸர்டேஷன் அப்பான் ரோஸ்ட் பிக்’ 1822இல் ‘லண்டன் மேகசின்’ இதழில் வந்த கட்டுரை. அதைப் படிக்காதவர்களுக்குக்கூட போ-போ கதை தெரிந்திருக்கலாம். மனிதர்கள் பச்சைக்கறி தின்ற காலத்தில், சீனாவில் ஒரு பையன் தெரியாமல் குடிசையைக் கொளுத்திவிடுகிறான். உள்ளே குட்டிகள் வெந்துபோகின்றன. தொட்டுச் சுட்டுக்கொண்ட விரலை வாயில் வைக்கிறான், ருசி தெரிகிறது. அதன்பின் ஊரே கறிக்காக வீடுகளைக் கொளுத்துகிறது. வீட்டை எரிக்காமலும் கறி சுடலாம் என்று ஒரு ஞானி வந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். என்ன கோளாறு என்று யாருக்கும் தெரியாது, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும். அதையே வருஷக்கணக்கில் செய்துகொண்டிருப்போம். நல்ல கதைதான். ஆனால் அதன் புகழ் கட்டுரையை மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன். போ-போவைப் பார்த்துச் சிரிக்கும்போது நமக்கு ஒன்றும் ஆவதில்லை. முட்டாள்கள் வேறு யாரோ.

கட்டுரையின் உயிர் பின்பகுதியில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் 33 வருடம் கணக்கெழுதிய குமாஸ்தா லாம்ப். தனக்கு வரும் முயல், கோழி எல்லாவற்றையும் நண்பர்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவிடுவேன், பன்றிக்குட்டியை மட்டும் தரமாட்டேன் என்கிறார். ஏன் என்று சொல்ல வரும்போது ஒரு பழைய நினைவு குறுக்கிடுகிறது. விடுமுறை முடிந்து பள்ளிக்குக் கிளம்பும் சிறுவனுக்கு அத்தை சுடச்சுட ஒரு பிளம் கேக் கொடுத்தனுப்புகிறாள். லண்டன் பாலத்தில் ஒரு கிழவர் பிச்சை கேட்கிறார். கையில் காசில்லை, முழுக் கேக்கையும் கொடுத்துவிடுகிறான். பெருமிதமாக நடக்கிறான். பாலம் முடிவதற்குள் அழுகை வருகிறது. அத்தை தனக்காகச் சுட்டதை, தான் சாப்பிடுவதை நினைத்து அவள் மகிழ்ந்திருப்பதை, முன்பின் தெரியாத ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று.

தானம் என்று நாம் நினைப்பதில் எவ்வளவு நம் பெருமைக்கானது என்று இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன இடம் நான் படித்ததில் இல்லை. லாம்ப் இதை உபதேசமாகவும் ஆக்கவில்லை. கடைசியில் சிறுவனின் கோபம் அந்தக் கிழவர்மேலேயே திரும்புகிறது. அந்தச் சிறுபிள்ளைத்தனம்தான் பத்தியை மிகையுணர்ச்சியிலிருந்து காப்பாற்றுகிறது.

குறைகளும் உண்டு. பன்றியை அடித்துக் கொன்றால் கறியின் ருசி இன்னும் கூடும் என்றால் அது சரியா என்று கட்டுரையின் இறுதியில் விளையாட்டாக விவாதிக்கிறார். இன்று அதற்குச் சிரிப்பு வரவில்லை. சமையல்காரம்மாவைக் கூப்பிடுவதும் முடிவில்தான், அதுவும் வெங்காயம் போடாதே என்று சொல்ல. சாப்பிடுபவன் எழுதிய கட்டுரை இது. அத்தையின் பக்கம் அதில் இல்லை.

அந்தப் பக்கம் எனக்கு ஞாயிறன்று கிடைத்தது. சாப்பிட வந்த நண்பன் மிச்சக் கறியை ஆசையாக டப்பாவில் வாங்கிப் போனான். நல்ல மொறுமொறுப்பான தோலாகப் பார்த்து நானே எடுத்து வைத்தேன். திங்கட்கிழமை மதியம் “சாப்டியாடா?” என்று மெசேஜ் போட்டேன்.

“ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்துட்டேன் மச்சி. செம ஹிட்!”

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் சுருக்கென்றது. நாலு வருடத்துக்கு முன் தீபாவளிக்கு அம்மா கூரியரில் அனுப்பிய அதிரசம் நினைவுக்கு வந்தது. பார்சலை அப்படியே ஆபீஸ் பான்ட்ரியில் பிரித்து வைத்து, “மை மாம் மேட் திஸ்” என்று பாராட்டு வாங்கிக்கொண்டவன் நான். “எல்லாம் நீயே சாப்பிட்டியாப்பா?” என்று அம்மா கேட்டபோது, “ஆமாம்மா” என்றேன். ஒன்றுகூட வாயில் வைத்திருக்கவில்லை.

லாம்புக்குப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அழுகை வந்துவிட்டது. எனக்கு நாலு வருடம் ஆகியிருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.