தூணும் மடியும்: பிரகலாத நாடகத்தை ஓவியங்கொண்டு உணர்தல்

ஓவியத்தைக் கொண்டு நாட்டிய நாடகத்தின் பொருளை உணரும் முறை பாலித் தீவில் நன்கு பொருந்துகிறது. அங்குள்ள காமாசான் ஓவியமும், முகமூடி அணிந்து இராமகாதையை ஆடும் 'வாயாங் வோங்' நாடகமும் நிழற்பாவைக் கூத்தின் உருவ அமைதியைத் தழுவியவை. நற்குணத்தார்க்கு ஒடுங்கிய கண்ணும் அரக்கர்க்குப் பிதுங்கிய வட்டக் கண்ணும் இரண்டிலும் ஒக்கும். ஆதலின் அங்கே ஒன்று மற்றொன்றுக்கு உரையாகிறது.

அம்முறையை நம் பிரகலாத நாடகங்களுக்கு அப்படியே கொள்ளலாகுமா என்பது ஆராயத்தக்கது. இக்கதை தமிழ்நாட்டு மேடைக்குப் புதிதன்று. அரிமளம் பத்மநாபன் ஆய்ந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களுள்ளும் 'பிரகலாதன்' உண்டு. எனினும், ஓவியத்தோடு ஒப்பிடுகையில் பெரிதும் வேறுபடுவது மெலட்டூர்ப் பாகவத மேளமே. வேங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் இயற்றிய 'பிரஹ்லாத சரித்திரம்' நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அவ்வூரில் ஆடப்பெறுகிறது. நரசிம்மரின் முகமூடி பூஜைக்குரியது. அதனை அணிபவர் உபவாசம் இருப்பார். பெருமான் வெளிப்பட்டு இரணியனோடு எதிர்நிற்கும் அளவில் நாடகம் உச்சமடைகிறது. வதம் நடித்துக் காட்டப்பெறுவதில்லை.

தஞ்சை ஓவியங்களோ வதத்தையே நடுவில் வைப்பன. பிளந்த தூண், மடியில் கிடத்தப்பட்ட இரணியன், கைகூப்பிய பிரகலாதன் ஆகிய மூன்றும் ஒரே சட்டத்துள் அடங்கும். அசைவற்ற சித்திரம் கதை முழுவதையும் ஒரு கணத்தில் திரட்டியாக வேண்டும் என்பதே இதன் காரணம். அச்சித்திரத்தை அளவுகோலாகக் கொண்டால் மெலட்டூர் நாடகம் முடிவு குறைந்ததாகத் தோன்றும். அத்தீர்ப்பு பொருந்தாது.

திருவாய்மொழி இரண்டாம் பத்து, எட்டாம் திருவாய்மொழியின் ஒன்பதாம் பாசுரம் இதனைத் தெளிவிக்கும். அங்கே இரணியனின் மாய்வைக் கூறும் சொல் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சமாய் நின்று, தோன்றுதலைக் கூறும் சொல்லில் சென்று முடிகிறது. பெருமானுக்கு நேரே அடையாவது தோன்றுதலே. அவன் தட்டிய அவ்விடத்திலேயே, தட்டிய அப்பொழுதிலேயே தோன்றினான் என இடமும் காலமும் விதந்து ஓதப்படுகின்றன. எங்கும் உளன் என்ற பிள்ளையின் சொல் மெய்யாவதற்குத் தோற்றமே போதும். வதம் அதன் பயன்.

ஆகவே மெலட்டூர் மேடை கதையைக் குறைத்ததாகக் கொள்ள இடமில்லை. ஆழ்வார் முதன்மை தந்த இடத்திலேயே அது நிற்கிறது. தஞ்சை ஓவியம் அத்தோற்றத்தின் பயனைக் காட்டுகிறது. பாசுரத்தை முன்வைத்து நோக்கினால் இரண்டும் தம்முள் முரணாமல் முறையே அமையும்.