தலைப்பு காட்டிக் கொடுக்குமா?

அத்தியாயங்களுக்குத் தலைப்பு வைப்பதில் நம் நாவலாசிரியர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. வெறும் எண் போட்டால் போதும், நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்பது ஒரு கட்சி.

இந்தக் கட்சிக்குச் சிலப்பதிகாரமே பதில். அதன் 30 பகுதிகளில் 16ஆவதற்குக் ‘கொலைக்களக் காதை’ என்று பெயர். அந்தக் காதையில் என்ன வருகிறது? கண்ணகி சமைக்கிறாள், வாழையிலை போட்டுக் கோவலனுக்குச் சோறு பரிமாறுகிறாள். அதுதான் அவனுடைய கடைசிச் சாப்பாடு என்று தலைப்பு நமக்குச் சொல்லிவிட்டது. அவர்கள் இருவருக்கும் தெரியாது. அதனால்தான் நமக்குத் தொண்டை அடைக்கிறது. இங்கே தலைப்பு சுவையைக் கெடுக்கவில்லை. சுவையே அதனால்தான் வந்தது.

தலைப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு: வாசகன் நிற்கும் இடத்தைச் சொல்வது. திருக்குறளின் 133 அதிகாரங்களில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறது. 71ஆம் அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது. அங்கே அமைச்சன் அரசனுடைய மனத்தை அறிகிறான். 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில் இருக்கிறது. அங்கே காதலன் காதலியின் பார்வையை அறிகிறான். சொல் ஒன்றுதான். மேலே உள்ள பாலின் பெயர் அதன் பொருளை மாற்றிவிடுகிறது. சிறிய தலைப்புகள் பெரிய தலைப்புக்கு அடங்கி நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

கல்கி 1950இல் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கியபோது இதை அறிந்தே செய்தார். முதல் பாகம் ‘புது வெள்ளம்’. முதல் அத்தியாயம் ‘ஆடித் திருநாள்’. பருவமும் தண்ணீரும் ஜனக்கூட்டமும் கண்முன் வந்துவிடுகின்றன. வந்தியத்தேவன் குதிரையில் வந்தால் போதும். மர்மம் எதுவும் அவிழ்ந்துவிடவில்லை.

அதே தொடர்கதை உலகில் ‘யார் அவள்?’, ‘திடுக்கிடும் செய்தி’ என்ற ரகத் தலைப்புகளும் மலிந்தன. இவற்றை எந்தக் கதையின் எந்த அத்தியாயத்துக்கும் மாற்றி ஒட்டலாம். அடுத்த வாரப் பத்திரிகையை வாங்கவைக்க அவை உதவியிருக்கலாம். புத்தகமாகக் கட்டிய பிறகு, பிடித்த கட்டத்தை மறுபடி தேடி வருகிற வாசகனுக்கு அவற்றால் என்ன பிரயோஜனம்?

ஒரு நாவலை வாங்குமுன் அதன் பொருளடக்கத்தை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். தம் கதை எங்கே போகிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்ததா என்பது அந்த ஒரு பக்கத்திலேயே விளங்கிவிடும்.