திமிங்கலத்தின் பங்கும் துணியின் கணக்கும்

இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தில் லெம்பாட்டா என்றொரு தீவு. அதன் தென்கரையில், எரிமலைப் பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர் லாமலேரா. மண் வளமில்லை, விவசாயத்தை நம்பி வாழ முடியாது. கைகளால் எறியீட்டி எறிந்து ஸ்பெர்ம் திமிங்கலத்தை வேட்டையாடும் ஊர் என்று உலகம் இதை அறிந்திருக்கிறது. லாமலேரா என்று தேடினால் முதலில் வருவது ஒரே காட்சிதான்: படகின் முனையிலிருந்து ஈட்டியோடு கடலுக்குள் பாயும் ஓர் ஆண். 'லாமாஃபா' என்பது அவன் பெயர்.

அந்தக் காட்சியில் பெண் இல்லை என்பது என் புகார் அல்ல. பெண்கள் வேட்டைக்குப் போவதில்லை. இல்லாதவளைப் படத்தில் தேட முடியாது. என் கேள்வி வேறு. அந்த ஊரில் எது உடைமை, எது வெறும் வழக்கம் என்று எழுதியவர்கள் எப்படிப் பிரித்தார்கள்? பெண்ணின் உழைப்பு அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் விழுந்தது?

லாமலேராவைப் பற்றிய இரண்டு முக்கியமான நூல்களை எழுதியவர்கள் கணவனும் மனைவியும். மானிடவியலாளர் ஆர். எச். பார்ன்ஸ் எழுதிய 'இந்தோனேசியாவின் கடல் வேட்டையர்கள்' 1996இல் வந்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1989இல், ரூத் பார்ன்ஸின் 'லாமலேராவின் இக்கத் துணிகள்' வெளியாகிவிட்டது. ஒரே ஊர், ஒரே வீடுகள். கடல் அவருக்கு, தறி இவருக்கு. திட்டமிட்டுச் செய்த பாகப்பிரிவினை என்று நான் சொல்லவில்லை. ஆணுக்கு ஆணின் உலகமும் பெண்ணுக்குப் பெண்ணின் உலகமும் திறந்துகொடுக்கும் ஊரில் களப்பணி அப்படித்தான் அமையும். ஆனால் விளைவைப் பாருங்கள். கணவரின் நூலுக்கு மீனவர்களையும் நெசவாளர்களையும் சேர்த்துச் சொல்லும் ஒரு துணைத்தலைப்பு உண்டு. தலைப்பில் இருப்பவர்கள் வேட்டையர்கள் மட்டுமே. அந்த நூல் ஒரு சமூகத்தைப் பற்றியதாகவும், மனைவியின் நூல் ஒரு கைவினையைப் பற்றியதாகவும் நூலக அடுக்குகளில் போய் உட்கார்ந்துகொண்டன. பொருளாதாரம் படிக்கும் மாணவி முதல் நூலை எடுப்பாள். இரண்டாவது நூல் ஜவுளி வரலாறு படிப்பவளுக்கென்று ஒதுங்கிவிடும்.

முதலில் கடலின் கணக்கு. வேட்டைப் படகின் பெயர் 'தெனா'. இரும்பு ஆணி இல்லாமல் மர முளைகளாலும் கயிற்றுக் கட்டுகளாலும் இணைத்த பலகைப் படகு. அது தனி ஒருவரின் சொத்து அல்ல; தந்தைவழிக் குலத்தைச் சுற்றி அமைந்த ஒரு பங்காளிக் குழுவின் சொத்து. திமிங்கலம் கரைக்கு வந்ததும் அதன் உடலே ஒரு பத்திரமாகிவிடுகிறது. எந்தப் பகுதி யாருக்கு என்பது முன்னமே தீர்மானமானது. துடுப்புப் போட்டவனுக்கு, ஈட்டி எறிந்தவனுக்கு, படகு கட்டிய தச்சனுக்கு, ஈட்டிமுனை அடித்த கொல்லனுக்கு, பாய் செய்தவனுக்கு, நிலத்தின் மூத்த குடிக்கு என்று தனித்தனிப் பங்குகள் உண்டு. அன்று கடலுக்கே போகாத பங்காளிக்கும் பங்கு உண்டு. மைக்கேல் ஆல்வர்டும் டேவிட் நோலினும் 2002இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இந்தப் பங்கீட்டு விதிகள்தான் இத்தனை பேரை ஒன்றாகப் படகில் ஏறவைக்கின்றன என்று காட்டியது. பங்கு உறுதி என்று தெரிவதால்தான் மனிதர்கள் சேர்ந்து உழைக்கிறார்கள் என்பது நல்ல வாதம்; நான் ஏற்கிறேன். அதையே நீட்டிக் கேட்கலாம்: பங்கு உறுதியில்லாமலே உழைப்பவர்கள் யார்?

வேட்டைக்காரனின் மனைவி வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்க வேண்டும் என்பது லாமலேராவின் நம்பிக்கை. வேட்டை பொய்த்தால், விபத்து நேர்ந்தால், வீட்டில் என்ன தவறு நடந்தது என்று தேடுவார்கள். இந்த விவரத்தை எழுத்தாளர்கள் பொதுவாகச் சடங்கு, நம்பிக்கை என்ற தலைப்பின் கீழ் வைக்கிறார்கள். நான் இதைச் சொத்து என்ற தலைப்பின் கீழ் வாசிக்கிறேன். பங்காளிக் குழுவில் அவளுக்குத் தன் பெயரில் இடமில்லை. நட்டத்துக்கான பொறுப்பில் மட்டும் இடமுண்டு. ஆதாயத்தில் கணவன் வழியாக வருபவள் பழியில் நேரடியாக வருகிறாள்.

அடுத்தது கரையின் கணக்கு. திமிங்கல இறைச்சியை மட்டும் தின்று ஓர் ஊர் உயிர்வாழ முடியாது. சோளம் வேண்டும், வாழைப்பழம் வேண்டும், கிழங்கு வேண்டும். அவை மலை ஊர்களில் விளைகின்றன. இறைச்சியைக் கீற்றுகளாக அரிந்து, காயவைத்து, தலையில் சுமந்து மலையேறி மாற்றிவருகிறவர்கள் பெண்கள். சனிக்கிழமைகளில் வுலாண்டோனி சந்தையிலும் இந்தப் பண்டமாற்று நடக்கிறது. ஊதல் ஊதிய பிறகுதான் கைமாற்றம் தொடங்கும். ஆறு பொருள் கொண்ட ஓர் அளவுக்கு 'முங்கா' என்று பெயர். ஒரு கீற்று இறைச்சிக்கு இரண்டு முங்கா, அதாவது 12 சோளக்கதிர் என்பது வழக்கமான மாற்று.

இதை விரிவாகப் பேசும் கட்டுரை 1989இல் 'மேன்' என்ற மானிடவியல் இதழில் வந்தது. அதை எழுதியவர்கள் ஆர். எச். பார்ன்ஸ், ரூத் பார்ன்ஸ் இருவரும். அவருடைய கடலும் இவருடைய தறியும் சந்திக்கும் இடம் ஒரு சந்தை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்தக் கட்டுரையைப் படித்தபிறகு திமிங்கலத்தை மட்டும் வைத்து லாமலேராவின் பொருளாதாரத்தை விளக்க முடியாது. ஆண்கள் கொண்டுவருவது இறைச்சி. அதை உணவாக, கையிருப்பாக மாற்றுவது பெண்களின் கால்நடை. 1970களில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இந்த ஊரின் வேட்டையை நவீனப்படுத்த ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன் கண்ணில் பட்டதும் படகுதான், மலைப்பாதை அல்ல.

மூன்றாவது, தறியின் கணக்கு. இங்கே கல்யாணத்தில் பெண் கொடுக்கும் குலம், பெண் எடுக்கும் குலம் என்ற வரிசை உண்டு. எடுக்கும் குலம் பரிசமாகத் தருவது யானைத் தந்தம். யானையே இல்லாத தீவுகளுக்குக் கடல் வணிகத்தில் வந்துசேர்ந்த தந்தங்கள் அவை. கொடுக்கும் குலம் பதிலுக்குத் தருவது துணி. அதில் உயர்ந்தது மூன்று துண்டுகளை இணைத்த 'கெவாதெக் நை தெலோ' என்ற பெண்களின் உடை. கையால் நூற்ற பருத்தி, அவுரி நீலம், நுணா வேரின் சிவப்பு, நூலிலேயே முடிச்சிட்டுச் சாயமேற்றும் இக்கத் முறை என எல்லாம் பெண்களின் கைவேலை. படகும் திருக்கை மீனும் வடிவங்களாக அதில் வருகின்றன. வேட்டைப் படகில் ஏறாதவள் படகைத் துணியில் ஏற்றியிருக்கிறாள்.

குஜராத்தின் பட்டோலாத் துணிகள் வணிகத்தில் இங்கே வந்து, குலப் பொக்கிஷங்களாகப் பத்திரப்படுத்தப்பட்டதையும், அவற்றின் வடிவங்கள் பரிசத் துணிகளில் கலந்ததையும் ரூத் பார்ன்ஸ் காட்டுகிறார். அவர் நூலின் பலம் இந்தப் பொறுமையான பார்வை. துணியைப் பார்த்து, அதைக் கட்டியவளின் முடிச்சுவரை போகிறார். என் குறை ஒன்றுதான். துணியின் அழகும் பொருளும் இவ்வளவு தெளிவாகும் நூலில், துணி யாருடையது என்ற கேள்வி அதே தெளிவோடு எழுவதில்லை. தந்தம் உழைப்பால் உண்டாவதல்ல. கைமாறிக் கைமாறிக் குலத்தின் பெயரில் நிற்கும். துணிக்கு மாதக்கணக்கான உழைப்பு வேண்டும். நெய்து முடித்ததும் அதுவும் குலத்தின் பெயரால் வீட்டைவிட்டுப் போகிறது. அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி நூற்க வேண்டும். பரிவர்த்தனையின் இரண்டு தட்டுகளும் சமம் என்று சொல்லும்போது, ஒரு தட்டில் இருப்பது சேமிப்பு, மறு தட்டில் இருப்பது உழைப்பு என்பது மறைந்துபோகிறது.

அண்மையில் பரவலாக வாசிக்கப்பட்டது டக் பாக் கிளார்க்கின் 'கடைசித் திமிங்கல வேட்டையர்கள்' (2019). ஊரில் தங்கி, மொழி பழகி எழுதியவர். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் நூலின் துணைத்தலைப்பு சவு கடலோரத்து ஊரைத் தூரப் பசிபிக்கில் வைக்கிறது. அங்கே வாழ்பவர்களைத் துணிச்சலான பழங்குடியாகவும், அவர்கள் வாழ்வை மறைந்துகொண்டிருப்பதாகவும் அறிமுகம் செய்கிறது. துணிச்சலும் மறைவும் சேர்ந்தால் வீரகதை வந்துவிடும். வேட்டை கற்கும் ஓர் இளைஞனையும் அவன் தங்கையையும் அது தொடர்கிறது. தங்கையைச் சேர்த்ததற்காக மகிழ்ந்தேன். பிறகு கவனித்தேன்: அண்ணனின் கேள்வி தான் என்னவாக ஆவது என்பது, தங்கைக்குக் கிடைத்த கேள்வி யாரைக் கட்டிக்கொள்வது என்பது. அவள் சுமக்கும் வேலை பின்னணியாகவும் அவள் காதல் கதையாகவும் அமைகின்றன. ஊரின் பங்கீடு கதைக்குள்ளும் தொடர்கிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. தனிச் சொத்து என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டுபோய், கூட்டாக வாழும் ஒரு சமூகத்தை அளக்கிறோமா? ஆண்களும்கூட அங்கே தனியாக எதையும் வைத்திருக்கவில்லையே? உண்மைதான். ஆனால் நான் கேட்பது தனிச் சொத்தை அல்ல; கூட்டுச் சொத்துக்குள் பெயரை. கொல்லனின் சம்மட்டிக்குத் திமிங்கலத்தின் உடலில் ஒரு பகுதி குறிக்கப்பட்டிருக்கிறது. மலையேறும் பெண்ணின் தலைச்சுமைக்கு அப்படியொரு பகுதி இல்லை. இது வெளியிலிருந்து கொண்டுபோன அளவுகோல் அல்ல. ஊரே வைத்திருக்கும் அளவுகோல். அதே நேரம் அவளை வெறும் பாதிக்கப்பட்டவளாக எழுதுவதும் பிழை. சந்தையில் எந்தக் கீற்றுக்கு எந்தச் சோளம் என்று பார்த்து மாற்றுகிறவள் அவள். பள்ளிச் செலவுக்குப் பணம் தேவைப்படும் காலத்தில் பண்டமாற்றைக் கைவிடாமல் இரண்டையும் சமாளிக்கிறவளும் அவளே. அதிகாரம் அவளிடம் இருக்கிறது; உரிமையாக எழுதப்படாமல் இருக்கிறது.

லாமலேராவைப் படிக்கப்போகும் மாணவிக்கு நான் சொல்வது எளியது. இரண்டு பார்ன்ஸ்களையும் அருகருகே வைத்துப் படி. முதலில் 1989ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படி. அங்கிருந்து கடலுக்கும் தறிக்கும் போ. ஒவ்வொரு பக்கத்திலும் 'வழக்கம்' என்று வரும் இடங்களைக் குறித்துக்கொள். அங்கெல்லாம் 'உழைப்பு' என்று மாற்றி எழுதிப் பார். எந்த வாக்கியங்கள் அந்த மாற்றத்தைத் தாங்குகின்றனவோ, அங்கே ஒரு பங்கு விடுபட்டிருக்கிறது.