இயந்திரச் செவிலியர்: தொலைக்காட்சி அறிபுனையில் குழந்தை வளர்ப்பு

ஈன்றெடுக்காமல் வளர்ப்பவளைச் செவிலி என்று குறிக்கும் அகப்பொருள் மரபில், தலைவி உடன்போக்கு மேற்கொண்டு, அதாவது தான் விரும்பியவனோடு வீட்டார் அறியாமல் சென்றுவிட்டபோது, பாலைவழியில் அவளைத் தேடிச் செல்பவளும், வளர்த்த மகள் இனித் தனக்குரியவள் அல்லள் என்று எதிர்வருவோரால் தேற்றப்படுபவளும் செவிலியே. மனிதர் ஆக்கிய இயந்திரம் ஒன்று பிள்ளை வளர்க்கும் தொலைக்காட்சி அறிபுனைகளை, அதாவது அறிவியலை அடியொற்றிய கற்பனைக் கதைகளை, இம்மரபின் துணையோடு ஆராய்ந்தால், வளர்த்த பிள்ளையை அதன் வழியில் போகவிட இயந்திரத்தால் இயலுமா என்பதே அவற்றின் மையச் சிக்கலாக இருப்பது புலப்படும்.

'தி ட்வைலைட் ஸோன்' தொடருக்காக ரே பிராட்பரி எழுதி 1962இல் ஒளிபரப்பான அத்தியாயத்தில், தாயை இழந்த குழந்தைகளின் வீட்டுக்கு மின்பாட்டி ஒருத்தி வருகிறாள். தாயின் சாவைக் கைவிடலாகவே உணர்ந்த சிறுமி, வண்டி மோதியும் பாட்டி அழியாததைக் கண்ட பிறகே அவளை ஏற்கிறாள்; எனினும், பிள்ளைகள் வளர்ந்ததும் பாட்டி தானாகவே விடைபெறுகிறாள். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 1990ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில், டேட்டா என்னும் மனித உருவ இயந்திரம் லால் என்ற மகளை உருவாக்கி, தன் பாலினத்தையும் தோற்றத்தையும் அவளே தேர்ந்தெடுக்க விடுகிறது. இவற்றுக்கு மாறாக, ஆரோன் குஸிகோவ்ஸ்கி உருவாக்கி 2020இல் தொடங்கிய 'ரெய்ஸ்ட் பை வுல்வ்ஸ்' தொடரில், போர்க்கருவியாக இருந்து வளர்ப்பவளாக மாற்றியமைக்கப்பட்ட 'மதர்', கெப்ளர்-22பி கோளில் கருக்களைப் பிள்ளைகளாக்கி, கடவுள் நம்பிக்கையற்றவர்களாக வளர்க்கும் கட்டளையைச் சுமக்கிறாள். அவர்களுள் உயிரோடு எஞ்சிய சிறுவன் கேம்பியன் வழிபாட்டின்பால் ஈர்க்கப்படும்போது, அவளது பாசமும் கட்டளையும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

இந்தியத் தொலைக்காட்சியில் இவ்வுறவு தலைகீழாக அமைந்தது. அமெரிக்காவின் 'ஸ்மால் வொண்டர்' தொடரைத் தழுவி 2003இல் தொடங்கிய 'கரிஷ்மா கா கரிஷ்மா' இந்தித் தொடரில், இயந்திரச் சிறுமியை மனிதக் குடும்பம் வளர்த்தது. தமிழில் இப்பொருளை மிக நெருங்குவது, ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து தூர்தர்ஷனிலும் தொடரான சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. குழந்தை பெறவும் அரசு அனுமதி வேண்டிய, அக்கதையில் வரும் நாட்டில், நூல்களைப் படித்துத் தானே சிந்திக்கக் கற்ற ஜீனோ என்னும் இயந்திர நாய், வளர்ந்த பெண்ணான நிலாவுக்குக் காவலும் ஆசானுமாகிறது. எவருடைய கட்டளையும் இன்றித் தானே கற்றதால்தான் அது அவளுக்கும் சிந்திக்கக் கற்பிக்கிறது.

புனைவுக்கு வெளியே, பிள்ளை வளர்ப்பில் கருவி எதுவரை செல்லும் என்பதற்குத் தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே சான்று உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் நிறுவிய முதலைப் பண்ணையில் ஆராயப்பட்ட சதுப்புநில முதலைகளின் பாலினம், முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலையாலேயே முடிவாகிறது. ஆகவே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட அடைகாக்கும் பெட்டியால் தீர்மானிக்க இயலும். ஆனால் குஞ்சின் குரல் கேட்டுக் கூட்டைத் தோண்டி, அதை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டு சேர்ப்பது தாய்முதலை. பொரிக்கவைப்பதும் வளர்ப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதை இது உணர்த்துகிறது.

வளர்ப்பின் நிறைவு பிள்ளையின் விடுதலையில் இருக்கிறது என்பதை மின்பாட்டி அறிந்திருந்தாள்; கட்டளையால் கட்டுண்ட மதரால் அதை எளிதில் ஏற்க முடியவில்லை. குழந்தைகளோடு உரையாடும் இயந்திரங்கள் வீடுகளுக்குள் வந்துவிட்ட இக்காலத்தில், அவற்றுக்குக் கட்டளையிடுபவர் யார், பிள்ளை அக்கட்டளையை மீறினால் அவை என்ன செய்யும் என்னும் கேள்விகளை, செவிலியை நன்கறிந்த தமிழ்ப் புனைவு முன்னின்று எழுப்ப வேண்டும்.