முன்னோரைக் கேட்கத் தெரிந்த மொழி

விதிமொழிகளின் காலம் முடிந்தது, தரவுத்தளத்தோடு இனிப் பேச்சு வழக்கிலேயே பேசிக்கொள்ளலாம், யோசிப்பதை மொழி மாதிரிகள் பார்த்துக்கொள்ளும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். டேட்டாலாக் என்ற தரவுத்தள விதிமொழிக்கு வாசிக்கப்படும் முதல் இரங்கலுரை அல்ல இது.

1970இல் காட் தந்த உறவுநிலை மாதிரி, 1972இல் மார்செய்யில் கோல்மரோவர் குழு செய்த ப்ரோலாக் என்ற தருக்க நிரல்மொழி, 1977இல் துலூஸ் பட்டறையில் இரண்டும் கைகோத்தது எல்லாம் தெரிந்த கதை. எனக்கு முக்கியமான ஆண்டு 1979. உறவுநிலை மாதிரியின் கேள்வி மொழியான உறவு இயற்கணிதத்தில் ஒருவரின் பெற்றோரைக் கேட்கலாம், பாட்டனைக் கேட்கலாம், பூட்டனையும் கேட்கலாம். ஆனால் 'முன்னோர் எல்லோரையும் கொடு' என்று கேட்க அதற்கு வாயில்லை என்று அந்த ஆண்டு ஆஹோவும் உல்மனும் நிறுவினார்கள். டேட்டாலாகில் அதற்கு இரண்டே விதி: பெற்றவர் முன்னோர், முன்னோரைப் பெற்றவரும் முன்னோர். ப்ரோலாகிலும் எழுதலாம்தான், ஆனால் வரிசை பிசகினால் முடிவில்லாமல் சுற்றும். டேட்டாலாகில் எதை முன்னால் எழுதினாலும் விடை ஒன்றே. புதிய உண்மை பிறக்காத இடத்தில் கணக்கு தானாக நின்றுவிடும். இந்த அடக்கத்தைத்தான் பலர் ஏழ்மை என்று நினைத்தார்கள்.

எண்பதுகள் பொற்காலம். ஒருவரின் முன்னோரைத் தேட ஊராரின் வம்சாவளி முழுவதையும் கட்டியெழுப்பத் தேவையில்லாதபடி விதிகளையே திருத்தி எழுதும் 'மேஜிக் செட்ஸ்' உத்தி 1986இல் வந்தது. பிறகு விஸ்கான்சினில் கோரல் என்ற டேட்டாலாக் அமைப்பு உருவானது. அதைக் கட்டியவர்களில் ரகு ராமகிருஷ்ணன், சுதர்சன் இருவரும் ஐஐடி மெட்ராஸில் படித்தவர்கள். நம் பொறியியல் மாணவர்கள் தேர்வுக்கு முதல் நாள் புரட்டும் தடித்த பாடநூல்களின் அட்டையில் இவர்கள் பெயர் உண்டு. கோரலைப் பற்றி அந்த மாணவர்கள் அநேகமாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

முன்னோர் கேள்வி போலத் தன்னையே திரும்ப அழைக்கும் வினவலுக்கு நடைமுறைப் பயன் எதுவும் தென்படவில்லை என்று 1998இல் ஸ்டோன்பிரேக்கரும் ஹெலர்ஸ்டீனும் பதிப்பித்த தரவுத்தளக் கட்டுரைத் தொகுப்பு அவசரமாகத் தீர்ப்பெழுதியது. மறு ஆண்டே எஸ்க்யூஎல் தரநிலைக்குள் அந்த வினவல் நுழைந்தது. அதைவிட வேடிக்கை, சில ஆண்டுகளில் அதே ஹெலர்ஸ்டீன் வலைப்பின்னல் நெறிமுறைகளை டேட்டாலாகின் கிளைமொழியில் எழுதத் தொடங்கினார்.

உண்மையான மறுவாழ்வு நிரல்களைச் சோதிக்கும் இடத்தில் கிடைத்தது. 2009இல் டூப் என்ற கருவி, ஜாவா நிரல்களை டேட்டாலாக் விதிகளால் அலசியது. பிறகு சூஃப்ளே என்ற டேட்டாலாக் கருவி வந்தது. இதே மரபில் வந்த கோட்க்யூஎல் என்ற வினவல் மொழியை உருவாக்கிய செம்ல் நிறுவனத்தை 2019இல் கிட்ஹப் வாங்கியது. பயனர் தட்டிய ஒரு சொல் எந்தெந்தச் செயற்கூறுகளின் வழியே தரவுத்தளம் வரை போய்ச் சேரும்? பாதுகாப்பு ஓட்டை தேடுகிறவர் கேட்பது இதைத்தான். பழைய முன்னோர் கேள்வியேதான்.

மொழி மாதிரி விதியை எழுதித் தரட்டும், தடையில்லை. விடையை மட்டும் அதன் வாயால் கேட்க நான் தயாரில்லை. விடை எந்த உண்மையிலிருந்து எந்த விதியால் வந்தது என்று படிப்படியாகக் காட்ட டேட்டாலாகால் முடியும்.

தரவுத்தளப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உறவு இயற்கணிதம் முடிந்த மறுநாள், அந்த இரண்டு விதிகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.