கஸலின் கட்டளை: ஆகா ஷாஹித் அலியின் ஆய்வும் கவிதையும் வகுப்பறையும்

கவிதை எழுதக் கற்பிக்க இயலுமா என்னும் வினா, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படைப்பெழுத்துத் துறைகள் தோன்றிய காலந்தொட்டுக் கேட்கப்பட்டு வருகிறது. உர்தூ மரபுக்கோ இவ்வினாவே விந்தையானது. அங்கே மாணவன் தன் கஸலை உஸ்தாதிடம் ஒப்படைப்பான். அவர் ஒரு சொல்லை நீக்குவார், ஒரு சொல்லை இடம் மாற்றுவார். ‘இஸ்லாஹ்’ எனப்பட்ட இத்திருத்தப் பணிக்குத் தொலைவும் தடையாக இருந்ததில்லை. இளைஞராயிருந்த இக்பால் தம் கஸல்களை தாக் தெஹ்லவிக்கு அஞ்சலில் அனுப்பித் திருத்தம் பெற்றார். இந்த உஸ்தாத் மரபை அமெரிக்க வகுப்பறைக்குள் கொண்டு சென்றவராகவே ஆகா ஷாஹித் அலியைக் காணத் தோன்றுகிறது. அவரைப் புலம்பெயர்ந்த துயரின் கவிஞர் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடும் திறனாய்வுகள் அவருக்குள் இருந்த ஆசிரியரைத் தவறவிடுகின்றன.

1949இல் தில்லியில் பிறந்து ஸ்ரீநகரில் வளர்ந்த ஷாஹித், 1976இல் அமெரிக்கா சென்றார். ஹாமில்டன் கல்லூரி, ஆம்ஹெர்ஸ்டிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம், யூட்டா பல்கலைக்கழகம் முதலியவற்றில் கற்பித்தார். 1984இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் கவனத்திற்குரியது. டி. எஸ். எலியட்டின் கவிதையை அன்று; ‘கிரைட்டீரியன்’ இதழை நடத்திய எலியட் என்னும் பதிப்பாசிரியரையே அவர் ஆராய்ந்தார். பிறருடைய எழுத்தைத் தேர்ந்து ஒழுங்குபடுத்தும் கையைப் பற்றிய அக்கறை, பின்னாளில் அவரது வகுப்பறையிலும் தொகுப்புப் பணியிலும் தொடர்ந்தது.

அமெரிக்கர்களுக்குக் கஸல் அறிமுகமான கதையை இங்கே சொல்லியாக வேண்டும். மிர்ஸா காலிபின் மறைவு நூற்றாண்டையொட்டி ஐஜாஸ் அஹ்மத், அவருடைய கஸல்களை உரைநடையில் பெயர்த்து அட்ரியன் ரிச், டபிள்யூ. எஸ். மெர்வின் முதலிய கவிஞர்களிடம் வழங்கினார். அவர்கள் அவற்றைக் கவிதையாக்கினர். 1971இல் அது நூலாக வந்தது. ரிச் தாமும் ‘கஸல்கள்’ எழுதினார். ஈரடிகள் ஒன்றோடொன்று தொடர்பின்றி நிற்கலாம் என்பது மட்டுமே அவர்களைக் கவர்ந்தது. மத்லாவில் இரு அடிகளின் இறுதியிலும், பின்னர் ஒவ்வொரு ஷேரின் இரண்டாம் அடியிலும் மாறாமல் திரும்பி வரும் ரதீஃப், அதற்கு முன்னே ஒலியொத்து வரும் காஃபியா, கவிஞர் தம் பெயரைப் பதிக்கும் மக்தா ஆகிய யாவும் கைவிடப்பட்டன.

ஷாஹிதின் சினம் இங்கேதான் பிறந்தது. ஷேர்கள் சிதறி நிற்பதற்கு உரிமை தருவதே அவற்றைப் பிணைக்கும் ஒலிக்கட்டுத்தான் என்பது அவர் வாதம். கட்டு அவிழ்ந்தபின் எஞ்சுவது கஸல் அன்று, வெறும் துண்டுகள். பிற பண்பாட்டின் வடிவத்தை எடுத்தாள்பவர் அதன் இலக்கணத்தையும் கற்றாக வேண்டும் என்ற அந்த வற்புறுத்தலில் ஒரு சமுதாயத்தின் தன்மானமும் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கவிஞர்களை விதிப்படி எழுத வைத்து, ‘ராவிஷிங் டிஸ்யூனிட்டீஸ்’ என்ற தொகுப்பை 2000இல் வெளியிட்டார்.

தொகுப்பு முழுவதும் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. பல கஸல்களில் ரதீஃப் ஆணி அடித்தாற்போல் வந்து விழுகிறது. இது எழுதியவர்களின் குறை மட்டுமன்று. மொழியின் அமைப்பும் காரணம். உர்தூ வாக்கியம் வினையில் முடிகிறது. ஆகவே ‘ஹை’ என்றோ ‘நஹீன்’ என்றோ அடிதோறும் முடிவது பேச்சைப் போலவே இயல்பாக ஒலிக்கும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு முறையும் வாக்கியத்தை வளைத்தே அவ்விடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. தமிழோ இவ்வகையில் உர்தூவுக்கு நெருங்கியது. அடியிறுதி ஒன்றிவரத் தொடுப்பதற்கு இயைபுத் தொடை என்ற பெயரையும் நம் யாப்பு நூலார் முன்பே தந்திருக்கின்றனர். கவிக்கோ அப்துல் ரகுமான் ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ வழியே கஸலின் உணர்வுலகைத் தமிழுக்குக் கொணர்ந்தார். அதன் ஒலிக்கட்டைத் தமிழில் சோதித்துப் பார்க்கும் வேலைக்குப் போதிய பேர் இன்னும் முன்வரவில்லை.

விதியில் இவ்வளவு கண்டிப்பு காட்டிய அதே ஷாஹித், ஃபைஸ் அஹ்மத் ஃபைஸின் கவிதைகளை மொழிபெயர்த்த ‘தி ரெபல்ஸ் சில்ஹவுட்’ நூலில் (1991) கட்டற்ற நடையையே கையாண்டார். இதை முரண் என்பாரும் உண்டு. மூலத்தின் பொருளுக்குக் கடமைப்பட்ட மொழிபெயர்ப்பாளன் செய்ய இயலாததை, சொந்தமாக எழுதுபவன் செய்தாக வேண்டும் என்று அவர் கருதியதாகவே எனக்குப் படுகிறது.

அவர் படைப்பில் வடிவம் அணிகலன் அன்று. துயரைத் தாங்கும் கலம். 1990இல் காஷ்மீரில் மாதக்கணக்கில் அஞ்சல் நின்றுபோனதன் நினைவில் எழுந்தது ‘தி கன்ட்ரி வித்தவுட் எ போஸ்ட் ஆபீஸ்’ (1997). அவ்வாண்டிலேயே அவர் தாயார் அமெரிக்காவில் காலமானார். ஜனாஸா காஷ்மீருக்குக் கொண்டு செல்லப்பட்டது. அப்பயணத்தைப் பாடும் நெடுங்கவிதை, ‘ரூம்ஸ் ஆர் நெவர் ஃபினிஷ்ட்’ (2001) தொகுப்பில் உள்ளது. கர்பலாவும், இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் ஷஹாதத்தும், ஸைனப் (ரலி) அவர்களின் புலம்பலும் அதில் மகனின் துக்கத்தோடு இழைகின்றன. அதே தொகுப்பில், ஐந்தே சொற்கள் மாறி மாறி 65 அடிகளின் ஈறுகளாக வரும் ‘கன்சோனே’ என்னும் கடினமான இத்தாலிய யாப்பிலும் தாயை நினைந்து பாடியிருக்கிறார். கட்டற்ற நடையில் இந்தத் துக்கம் வெறும் அழுகையாகக் கரைந்திருக்கக் கூடும். மர்ஸியா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

2000ஆம் ஆண்டின் வசந்தப் பருவத்தில் நியூயார்க்கின் பரூக் கல்லூரியில் அவர் நடத்திய கடைசி வகுப்பில் அமிதாவ் கோஷ் உடனிருந்தார். மூளைக் கட்டியின் பிடியில் இருந்தும், மாணவர்களைக் கேலி பேசிச் சிரிக்க வைத்த ஆசிரியரை அவர் தம் நினைவுக் கட்டுரையில் பதிந்திருக்கிறார். 2001 டிசம்பர் 8 அன்று ஆம்ஹெர்ஸ்டில் ஷாஹித் மறைந்தார். தாயை மண்ணுக்கு அனுப்பி வைத்த மகன், அருகிலுள்ள நார்தாம்ப்டனில் அடக்கமானார்.

அவருடைய ஆங்கிலக் கஸல்கள் ‘கால் மீ இஸ்மாயீல் டுநைட்’ என்ற பெயரில் 2003இல் நூலாயின. மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலின் தொடக்கமும், நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் மைந்தர் பெயரும் அத்தலைப்பில் சந்திக்கின்றன. இறுதிச் சொல்லான ‘இன்றிரவு’, அந்நூலின் புகழ்பெற்ற கஸல் ஒன்றின் ரதீஃப்.